எந்தப் பேரில் நின்றது

ஆகஸ்ட் 5, திங்கள்

என் பேரப்பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவன் பிரின்ஸ்லி மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். அவனுக்குக் கீழே வேலை செய்கிறவர்களில் வெள்ளைக்காரனும் உண்டு. அவன் தங்கை எப்சிபா டாக்டர். அதிலும் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர், அதற்கென்று தனியாகப் படித்து, பட்டம் வாங்கிய அன்று கழுத்தில் தங்கப் பதக்கம் போட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் என் மூத்த மகன் பால்துரையின் பிள்ளைகள். இளைய மகன் தவமணிக்கு மூத்தவன் ரெக்ஸ்லின். ஓசூரில் பேங்கு மேனேஜர். உதவி மேனேஜர் என்று அவன் சொல்லுவான், அது அவன் அடக்கம். அடுத்தவன் ஆசீர். ஆசீர் நன்றாக வண்டி ஓட்டுவான்.

இதை முதலில் எழுதக் காரணம், இந்த டைரியை எப்சிபா படிக்கப் போகிறாள். அவளோடு வேலை செய்யும் டாக்டர்மாரும் படிக்கக்கூடும். இது யார் வீட்டுக் கிழவி என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் அந்த அஞ்சாம் வகுப்பில் நான்தான் முதல்.

டைரியும் அவள் கொடுத்ததுதான். என்ன சாப்பிடுகிறேன், அப்புறம் வலி வருகிறதா என்று எழுதவேண்டுமாம். ஏதோ மருந்துக் கம்பெனி டைரி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வழுக்கைத்தலையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

இன்று: காலையில் தோசை, வலி இல்லை. மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வலது விலாவுக்குக் கீழே வலி. சாயந்திரம் தவமணி மனைவி, என் மருமகள் ஜெபக்கனி முறுக்கு சுட்டாள். நான் தொடவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முறுக்கு தொட்டேன். வலி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எப்சிபா மதுரையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றினதும் நேரே அடுக்களைக்கு வந்தாள். நான் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை அப்படியே நின்றுவிட்டது.

"ஆச்சி, கையில என்னது அது?"

"நல்லெண்ணெக் குப்பி. வேற என்னது?"

"அது ஈதர் சொட்டுக் குப்பி ஆச்சி. இத எங்க புஸ்தகத்துல படமாத்தான் பாத்திருக்கேன்."

படமாகப் பார்த்தால் தோசை வேகுமா. இந்தக் குப்பி என் மாமனார் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தது அவர்தான், குளோரோபார மோசே என்றால் கேரளா எல்லை வரைக்கும் தெரியும். குப்பியின் கண்ணாடி மூடியிலும் கழுத்திலும் இரண்டு பக்கமும் கோடு கீறியிருக்கும். மூடியைத் திருப்பிக் கோட்டுக்கு நேரே கோடு வைத்தால் ஒரு பக்கம் காற்று உள்ளே போகும், மறுபக்கம் மருந்து சொட்டுச் சொட்டாக வெளியே வரும். திருப்பிவிட்டால் அடைபட்டுவிடும். தோசைக்கு இதைவிடத் தோதான சாமான் கடையில் கிடையாது. ஜெபக்கனி கரண்டியால் ஊற்றினால் தோசை நீச்சலடிக்கும்.

எப்சிபா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நீலநிறக் குப்பி குளோரோபாரத்துடையதாம். வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டு விஷவாயு ஆகும், அதற்குத்தான் நிறம். உடம்பெல்லாம் வரிவரியாக இருப்பது, இருட்டில் எடுத்தாலும் இது குடிக்கிற குப்பி இல்லை என்று விரலுக்குத் தெரிவதற்காம். நான் அதில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறேன். வரி இருப்பதால் எண்ணெய்க் கையில் வழுக்காது. ஈதர் என்கிற இன்னொரு மயக்க மருந்து வந்த தகர டப்பாவில் கடுகு. கம்பியால் கூடு மாதிரிப் பின்னிய ஒரு மூடி இருக்கிறது, அதில் துணியை விரித்து நோயாளி மூக்கில் கவிழ்த்து மருந்தைச் சொட்டுவார்கள். அதைத் தயிர்ச் சட்டியின்மேல் கவிழ்த்திருக்கிறேன். ஈ அண்டாது.

"எங்க காலேஜுல பழைய சாமான் எல்லாம் வச்சு ஒரு கண்ணாடி அலமாரி செய்யுதாவ ஆச்சி. இத எல்லாம் குடுங்க."

"குடுத்துட்டுத் தயிர எதக்கொண்டு மூடட்டும்?"

"தட்டு இல்லையா வீட்டுல?"

"தட்டு வச்சா தயிரு வேர்க்கும்."

அப்புறம் ஸ்கேன் படத்தை வெளியே எடுத்தாள். பித்தப்பையில் கல். "வயித்துக்குள்ள பாசிமணிக் கடையே வச்சிருக்கிய ஆச்சி. ஆபரேஷன் பண்ணி எடுத்துரணும். பெரிய கீறல் கிடையாது, சின்னச் சின்ன ஓட்டைதான்."

சபையில் எல்லாருக்கும் சோறு போடுகிற அசனப் பண்டிகை வருகிறது, முடியட்டும் என்றேன். முடிந்தால்? ஜெபக்கனிக்கு முதுகுவலி. அது சரியானால்? மழை வந்துவிடும். பயமா என்று கேட்டாள். எனக்கு என்ன பயம். எழுதி வைக்கிறேன், எனக்குப் பயம் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனை நீண்டுவிட்டது. குருவானவர் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். வலி இல்லை, பசி.

எப்சிபா தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்றை எழுதுகிறேன். படித்த டாக்டர்மாருக்கு இது தெரியாது, புஸ்தகத்தில் இருக்காது.

மருந்து சொட்டும்போது நோயாளி பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நின்றால் மயக்கம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைக்கார டாக்டரம்மா ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். எங்கள் பெண்டுகளுக்கு அந்த மேஜையில் படுத்த பயத்தில் இரண்டுக்கு அப்புறம் ஒன்றும் வராது. மாமாதான், என் மாமனார்தான், ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் பேரைச் சொல்லு, முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து சொல்லு. எந்தப் பயத்திலும் அது மறக்காது அல்லவா. அப்படிச் சொல்லச் சொல்ல, ஏதாவது ஒரு பேரில் வாய் நின்றுபோகும்.

இது ஊருக்குத் தெரிந்தவுடனே தொல்லை ஆரம்பித்தது. மனதில் மேலாக இருக்கும் பேர்தான் கடைசியில் நிற்கும் என்று ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போது வெராண்டாவில் குடும்பமே நிற்கும். மருந்து கொடுத்து, டாக்டரம்மா கத்தி வைத்துத் தையல் போட்டு முடிந்ததும் மாமா வெளியே வருவார். பிழைத்தாளா என்று கேட்கமாட்டார்கள். "கம்பவுண்டரே, எந்தப் பேருல நின்னுது?" என்பார்கள். மாமா ஒரு பேரைச் சொல்லுவார். அந்தப் பேர்க்காரன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவான், மற்றவன் பஸ் ஏறிவிடுவான். மேலத்தெருப் பண்ணையார் மனைவிக்கு மாட்டின் பேரில் நின்றது. கடைசிவரைக்கும் அந்த மாட்டைப் பண்ணையார் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆம்பளைகளில் ஒரு சபை மூப்பருக்கு அடுத்த தெருப் பெண்ணொருத்தியின் பேரில் நின்றுபோய், அவர் தையல் பிரிக்கும் முன்னே தூத்துக்குடிக்குப் போய்விட்டார்.

என் மாமியாருக்கு வயிற்றுக்கட்டி ஆபரேஷன். வேறு ஆள் கிடையாது, மாமாதான் மருந்து கொடுத்தார். வெராண்டாவில் என் நாத்தனார்மார், என் வீட்டுக்காரர், நான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையில் டிரங்குப் பெட்டி வைத்திருந்தேன், அது வேறு விஷயம். மாமா வெளியே வந்து பேரைச் சொன்னார். தங்கபுஷ்பம். பெற்ற பிள்ளைகள் பேர் எதுவும் இல்லை. என் பேர்.

நாத்தனார்மார் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பசி எடுக்கும்.

இந்த வட்டாரத்தில் மாமியார் வாயில் குளோரோபாரத்தில் பேர் நின்ற மருமகள் நான் ஒருத்திதான். அதற்குப் பிறகு அத்தை கொஞ்ச காலமா கிடந்தார், கட்டிலோடு வருஷக்கணக்கில் கிடந்தார். நான்தான் குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம். அத்தை அந்தப் பேர் விஷயத்தை ஒருநாளும் வாய்விட்டுப் பேசவில்லை. கூச்சம். ஆபரேஷன் அன்று கண் முழித்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "எவ அது, பிணம் மாதிரிக் கைய வச்சுக்கிட்டு" என்று உதறினார். மயக்கம் தெளியாத நேரம்.

ஆகஸ்ட் 14, புதன்

இட்லி, துவையல். வலி இல்லை.

அடுத்த வீட்டு ஞானப்பூ வந்தாள். எனக்குச் சோடிக்காரி, ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழவந்தவர்கள். ஆபரேஷன் தேதி குறித்தாச்சா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"எனக்குத் தெரியும்ட்டி. நீ கத்திக்குப் பயப்படல. பேருக்குப் பயப்படுத."

"எந்தப் பேருக்கு?"

"பேரம்பேத்தி நாலு பேரும் வெராண்டாவுல நிப்பாவள்ளா? உம் மாமனாரு கதய நீதான் அவங்களுக்குச் சோறு ஊட்டயில எல்லாம் சொல்லிச் சொல்லி வளத்திருக்க. எந்தப் பேருல நின்னுதுன்னு கேக்காம விடுவானுவளா? நீ பாட்டுக்கு ஒருத்தன் பேரச் சொல்லித் தொலச்சுட்டா?"

ஞானப்பூவுக்கு வாய் நீளம். என் நான்கு பேரப்பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான். நான்கு இட்லிக்கும் தட்டில் ஒரே அளவுக் குழி.

ஆனாலும் சும்மா, பொழுதுபோக்குக்கு, வெங்காயம் உரிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். பிரின்ஸ்லி, எப்சிபா, ரெக்ஸ்லின், ஆசீர். பிரின்ஸ்லி, எப்சிபா, ரெக்ஸ்லின், ஆசீர். நிதானமாகச் சொன்னால் ரெக்ஸ்லினில் நிறுத்தலாம். அவன் எதற்கும் சண்டைக்கு வரமாட்டான். வேகமாகச் சொன்னால் கடைசிப் பேரில் வாய் தானாக நிற்கிறது. அது வேகத்தின் கோளாறு.

ஆசீரைப் பற்றி ஒன்று எழுதவேண்டும். காலேஜுப் பாடத்தில் பாதியைப் பாக்கி வைத்துவிட்டுக் கோழிவண்டி ஓட்டப் போய்விட்டான். நாமக்கல்லிலிருந்து கொச்சிக்கு. தவமணி, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சியன்னா நான் மனுசன் இல்ல" என்று சொல்லிவிட்டான். அவனும் மிதிக்கவில்லை. கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. சின்னதிலிருந்தே அவன் கையில் எதுவும் தங்காது, எதைக் கொடுத்தாலும் கீழே போடுவான். பால் தம்ளர், சிலேட்டு, ஒருதடவை குருவானவர் கொண்டுவந்த கேக்கு. இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, கிணற்றுச் சுவரில் விழுந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டமாட்டான், சொட்டச் சொட்ட வந்து என் சேலையில் துடைப்பான். உருப்படாத பிள்ளை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. வெங்காயம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஞானப்பூவைக் கூப்பிட்டு ஒரு சோதனை செய்தேன். தயிர்ச் சட்டியின் மேலிருந்த கம்பிக்கூட்டை எடுத்துக் கழுவினேன். மாமா போடுகிற மாதிரி வெள்ளைத்துணியை மடித்து மடித்து அதில் விரித்தேன். கட்டிலில் படுத்து மூக்கையும் வாயையும் மூடிக் கவிழ்த்துக்கொண்டு, நான்கு பேரையும் சொன்னேன்.

"என்ன கேட்டுச்சு?"

"புறா குனுகுன மாதிரி இருந்துச்சு."

"காதத் தீட்டிக் கேளு."

மறுபடி சொன்னேன்.

"தங்கம், நீ யாரு பேரச் சொன்னாலும் எனக்கு ஒண்ணுபோலத்தான் கேக்கு. பிரின்ஸ்லின்னு சொன்னியா, பிரண்டைன்னு சொன்னியா?"

இத்தனைக்கும் நான் முழு விழிப்போடு, தொண்டை திறந்து சொன்னேன். ஞானப்பூவுக்குக் காது போய்விட்டது, பாவம். மாமாவுக்குப் பாம்புக்காது.

அப்போது பார்த்து ஜெபக்கனி உள்ளே வந்து, முகத்தில் கூட்டோடு நான் கிடப்பதைப் பார்த்து, சாமான்களைப் போட்டுவிட்டு அலறினாள். முட்டை எல்லாம் போயிற்று.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. எழுதுகிற நிலையில் இல்லை. மத்தியானம் அடுப்படியில் வலி வந்து அப்படியே சரிந்துவிட்டேன். குளிர், வாந்தி. ஊர் டாக்டர் ஊசி போட்டார். எப்சிபா கார் பிடித்து வந்துவிட்டாள்.

அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "பித்தப்பை சீழ் பிடிச்சிருக்கு ஆச்சி. மருந்துல இப்போ அடங்கும். அடுத்த தடவ வெடிச்சுதுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பண்டிகை, முதுகுவலி, மழை எல்லாத்தையும் இப்பமே சொல்லி முடிச்சிருங்க. அதுக்கப்புறம் தேதி குறிக்கேன்."

சரி என்றேன். ஒரு நிபந்தனை, மயக்க மருந்து நீதான் தரவேண்டும். சொந்த ஆளுக்கு நாங்களே கொடுக்கமாட்டோம், பெரிய டாக்டர் தருவார், நான் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றாள். மாமா பெண்டாட்டிக்கே கொடுத்தாரே என்றேன்.

"அப்ப வேற வழி கிடையாது ஆச்சி. ஒவ்வொரு சொட்டும் விடயில அவிய கை எப்படி நடுங்கியிருக்கும்னு நெனச்சுப் பாத்தியளா?"

நான் அதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. என் பேர் வந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

கஞ்சி. கஞ்சி. கஞ்சி.

ஆசீருக்குச் சொன்னாயா என்று தவமணியிடம் நான் கேட்கவில்லை. ஆசீருக்கு யாரும் சொன்னார்களா என்று ஜெபக்கனியிடம் பொதுவாகக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சிக்கு உப்பு எடுக்கப் போனாள். திரும்பி வரும்போது உப்பைக் கொண்டுவரவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

போனில் எப்சிபாவிடம், இந்தக் காலத்து மருந்து வேலை செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாசூக்காக விசாரித்தேன்.

"நரம்புல ஏத்துற மருந்து ஆச்சி. பால் மாதிரி வெள்ளையா இருக்கும். கண்ணு சிமிட்டுற நேரந்தான்."

"நாலு பேரச் சொல்ல முடியுமா?"

"நாலா? ஒண்ணு சொல்லலாம். அதுவும் பேரு சின்னதா இருந்தா."

போனை வைத்துவிட்டேன். அந்தக் காலத்துச் சொட்டுமருந்து எவ்வளவு மரியாதையான மருந்து. ஒரு மனுஷி தன் குடும்பத்தையே நாலு சுற்றுச் சுற்றி வர நேரம் கொடுத்தது. இப்போது ஒரே ஒரு பேர். நான் வரிசை பழகினதெல்லாம் வீண்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஞானப்பூவோடு ஆலோசனை. "இயேசுவேன்னு சொல்லிரு. எவனும் ஒண்ணும் பேச முடியாது" என்றாள். அது செல்லாது. ஆண்டவர் பேர் பயத்தில் வருவது, கணக்கில் சேராது என்று மாமா அந்தக் காலத்திலேயே தள்ளிவிட்டார்.

"அப்ப எம்பேரச் சொல்லு."

"ஒனக்கு என்ன கூலி குடுத்து மாளும்?"

மஸ்கட்டில் இருக்கிறவன் கோபித்துக்கொண்டால் பார்சல் வராது. டாக்டர் கோபித்துக்கொண்டால் உயிர் அவள் கையில். ரெக்ஸ்லின் கோபித்துக்கொள்ளமாட்டான், அதனாலேயே அவன் பேரை விடுவது பாவம். இப்படி யோசித்து ஒரு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சின்னப் பேர்தான், சட்டென்று வரும். இங்கே எழுதமாட்டேன், எப்சிபா படிப்பாள்.

செப்டம்பர் 2, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. எப்சிபா வேலை செய்கிற இடம். என்னைப் பார்த்தால் நர்சுகள் எழுந்து நிற்கிறார்கள். எப்சிபா டாக்டர் பாட்டி என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். நான் காது கேட்காத மாதிரி இருந்து, மறுபடியும் சொல்லவைத்தேன்.

தவமணி, ஜெபக்கனி, பால்துரை, ரெக்ஸ்லின் வந்திருக்கிறார்கள். பிரின்ஸ்லி போனில். வேறு யாரும் வரவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கிய, என்ன ஆச்சி என்று ரெக்ஸ்லின் கேட்டான். காற்றுக்கு என்றேன். ஏசி போட்ட அறை.

செப்டம்பர் 3, செவ்வாய்

வெறும் வயிறு, தண்ணீர்கூட இல்லை. பேர் நாக்கு நுனியில் தயார்.

செப்டம்பர் 5, வியாழன்

பிழைத்துக்கொண்டேன். வயிற்றில் ஓட்டைகள் இருக்கின்றன. கல்லை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். அதைக் கடுகோடு வைக்கலாம் என்றேன். ஒரு நர்சு சிரித்தாள், இன்னொருத்தி வெளியே போய்விட்டாள்.

பெரிய டாக்டர் நல்ல மாதிரி. எப்சிபா முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள் போல. "பாட்டி, உங்க பேரப்பசங்க பேரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான் தெரியும். அதற்கப்புறம் யாரோ என் கன்னத்தைத் தட்டி, மூச்சை இழுத்து விடுங்கள் என்கிறார்கள்.

எப்சிபாவிடம் கேட்டேன். "பேரு வந்துதா?"

"வந்துது ஆச்சி."

"யாரு பேரு?"

"பேசப்பிடாது. தையல் இழுக்கும்."

தையல் வயிற்றில் இருக்கிறது, வாயில் இல்லை. ஆனால் போய்விட்டாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் பிரின்ஸ்லி மஸ்கட்டிலிருந்து பேசினான். எப்போதும் "நல்லா இருக்கியளா ஆச்சி, சரி வைக்கேன்" என்று முடிக்கிறவன், இன்று வைக்கவே இல்லை. குரல் ஒருமாதிரி இருந்தது. "கேள்விப்பட்டேன் ஆச்சி. நான் தூரத்துல கெடக்கேன், என்ன நெனக்கமாட்டியன்னு நெனச்சேன்" என்றான். டிசம்பரில் லீவு போட்டு வருகிறானாம்.

பத்து மணிக்கு ரெக்ஸ்லின் ஆப்பிளோடு வந்தான். யாரும் இல்லாத நேரம் பார்த்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தான். இவன் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை. "நான் யாருகிட்டயும் சொல்லல ஆச்சி. மத்தவுங்க மனசு கஷ்டப்படும்" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆப்பிளை வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் கதவு திறந்தது. கோழி வாசனை.

மெலிந்து கறுத்துப் போயிருக்கிறான். புருவத் தழும்பு அப்படியே இருக்கிறது. வந்து கட்டில் பக்கத்தில் நின்றான், உட்காரவில்லை. "பாலக்காட்டுல நிக்கும்போது அக்கா போன் போட்டா" என்றான். அப்புறம், "எம்பேரயா ஆச்சி சொன்னிய?" என்றான். என் சேலை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். தலையும் ஈரம்.

பழக்கடைக்குப் போயிருந்த தவமணி உள்ளே வந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என் குளுக்கோஸ் குப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தவமணிதான் முதலில் பேசினான், அதையும் குளுக்கோஸிடம்தான் சொன்னான்.

"சாப்பிட்டானாமா?"

"இல்ல" என்றான் ஆசீர்.

"கீழ கேண்டீன் இருக்கு. சாம்பாரு வாயில வைக்க முடியாது. தயிர்ச்சோறு வாங்கணும்."

இரண்டு பேரும் போனார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வலி இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நான் அஞ்சாம் வகுப்பு என்றாலும் கணக்கு தெரியும். பிரின்ஸ்லி நன்றி சொல்கிறான், ரெக்ஸ்லின் முத்தம் தருகிறான், ஆசீர் அழுகிறான். இந்த மூன்று பேர் பேரும் கண் சிமிட்டுற நேரத்தில் எப்படி வந்தது. எப்சிபாவைக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"எத்தன பேருட்டட்டி சொன்ன?"

பிள்ளை சிரித்துவிட்டாள். "எல்லாருட்டயும்தான் ஆச்சி. ஆனா தனித்தனியா."

"ஒங்கிட்டயும் ஒம்பேருன்னு சொல்லிக்கிட்டியா?"

"எனக்கு எதுக்கு? நான்தான பக்கத்துல நின்னேன்."

"உண்மையில என்ன சொன்னேன்?"

"உண்மையிலயா? 'அடுப்புல எண்ணெ காயுது'ன்னிய. அவ்வளவுதான். பெரிய டாக்டரு முதல்ல பயந்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்து ஓட்டைகள் எல்லாம் வலித்தன. அத்தனை நாள் யோசித்து நாக்கில் வைத்த பேரை எண்ணெய் தள்ளிவிட்டது.

"பொய் சொல்லலாமாட்டி?"

"வெளிய வந்து பாத்தேன் ஆச்சி. சித்தப்பா சுவரப் பாத்து நிக்காவ. பெஞ்சுல ஒரு எடம் காலியா கெடக்கு. அந்த நேரத்துல ஒங்க எண்ணெயப் போயா சொல்லுவேன்? வெராண்டாவப் பாத்துத்தான் பேரு சொல்லணும்."

நான் மேலும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு தானாக நின்றுவிட்டது. என்ன ஆச்சி, வலிக்கா என்று கேட்டாள். இல்லை, போ, உனக்கு வேலை இருக்கும் என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

மிஷன் ஆஸ்பத்திரி வெராண்டாவில் தரை சிவப்பு. அத்தை ஆபரேஷன் அன்று மாமா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் மேல் அந்த மருந்தின் இனிப்பு வாசனை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கை நடுங்கியதா என்று நான் பார்க்கவில்லை. நாத்தனார்மாரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். தூண் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார். என் பெட்டியைப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் பேரைச் சொன்னார்.

அன்றைக்கு என் பிறந்த வீட்டுக்குப் போகிற சாத்தான்குளம் பஸ் மூன்றரைக்கு. நான் ஏறவில்லை.

இன்று: இட்லி. வலி இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. ஜெபக்கனியிடம் சொல்லி, அத்தை படத்துக்கும் மாமா படத்துக்கும் மாலை வாங்கினேன். எப்போதும் அத்தைக்குத்தான் பெரிய மாலை. இந்தத் தடவை மாமாவுக்குப் பெரியது. ஜெபக்கனி ஏன் என்று கேட்டாள். பூக்காரி மாற்றிக் கட்டிவிட்டாள் என்றேன்.

அத்தை படத்தையும் துடைத்தேன். அந்த முறைப்பு அப்படியே இருக்கிறது. அத்தனை வருஷம் குளிப்பாட்டினேன், ஒருநாள்கூட வெந்நீர் சரியாக இருந்தது என்று சொன்னதில்லை. ஆனால் கடைசி காலத்தில் வேறு யார் தொட்டாலும் கத்துவார், நான் தொட்டால் மட்டும் திட்டுவார். வித்தியாசம் உண்டு.

ஞானப்பூ வந்து, எந்தப் பேருல நின்னுது என்று கேட்டாள். ஒம்பேருதான் என்றேன். நம்பிவிட்டாள். போகும்போது அவள் வீட்டுப் பலாச்சுளை ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எப்சிபா, டைரியை இன்றோடு உன்னிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆசீர் மதுரை வழியாகத்தான் போகிறான், அவனிடம் கொடுத்திருக்கிறேன். பின்பக்கம் படிக்காதே என்று சொல்லியிருக்கிறேன், படித்திருப்பான். அடுத்த வாரம் வந்து பாக்கிப் பரீட்சைக்குப் பணம் கட்டப்போகிறானாம். தவமணி வாசலில் நின்று வண்டியின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். அது சம்மதம்.

குப்பிகளையும் அவனிடமே கொடுத்திருக்கிறேன். நீலக் குப்பியைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன், எண்ணெய் வாசனை கொஞ்சம் இருக்கும். டப்பாவில் ஏதாவது ஒரு கடுகு ஒட்டியிருந்தால் தட்டிவிடு. சொட்டுக் குப்பியை எப்படித் திருப்பவேண்டும் என்று உன் டாக்டர்மாருக்குக் காட்டு. இது பேர் நின்ற குப்பி என்று சீட்டு எழுதி ஒட்டு. மாமா பேரைப் போடு, குளோரோபாரம் என்ற பட்டத்தோடு. கம்பிக்கூட்டை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், தயிருக்கு வேண்டும்.

டிசம்பரில் பிரின்ஸ்லி வந்ததும் நீங்கள் நான்கு பேரும் அந்தக் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று ஒரு போட்டோ எடுங்கள். என்னிடம் இருப்பது நீங்கள் சின்னப்பிள்ளைகளாக நிற்கிற படம், அதில் ஆசீர் முகத்தைக் கரையான் தின்றுவிட்டது. நான்கு பேர் என்பதால் நட்டநடுவில் ஒருத்தரும் வரமாட்டீர்கள், அது நல்லது. குப்பியை ஆசீர் கையில் கொடு. கீழே போட்டாலும் பரவாயில்லை. படத்தைப் போனில் அனுப்பாதே, போனில் வருவதைச் சுவரில் மாட்ட முடியாது, துடைக்கவும் முடியாது. பெரியதாகக் கழுவி, அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.